கையெழுத்திட மறுத்த கணக்காசிரியர்

கல்லூரி வாயிலில் முதன்முதலாகக் கால் வைக்கும் இளைஞனை மிரட்டுவது எது? கட்டணமா? அதுவும் உண்டு. புதிய ஊரா, பழகாத மொழியா? அவையும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் தாண்டி உள்ளே போனவனையும் ஓராண்டுக் காலம் உறங்க விடாமல் விரட்டுவது ஒன்று இருக்கிறது. அதுதான் கணக்கு! முதலாண்டுக் கணக்குத் தாளில் தவறி, அந்த அரியரை மூன்றாண்டு, நான்காண்டு என்று முதுகில் சுமந்து திரியும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! தந்தை பிள்ளையைக் குறை சொல்கிறார். பிள்ளை பாடத்தைக் குறை சொல்கிறான். கல்லூரி ஆசிரியரோ பள்ளிக்கூடத்தைக் குறை சொல்கிறார். குறை மட்டும் குறையவில்லை.

முதலாண்டுக் கணக்கு வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? மாணவனிடம் அது எதைக் கேட்க வேண்டும்? எதைக் கேட்கவே கூடாது? இந்தக் கேள்விகளுக்கு மேடையில் பேசி அல்ல, முப்பத்து மூன்று ஆண்டுக் காலம் வகுப்பில் நின்று விடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் அகஸ்டஸ் டி மார்கன்.

கணிதமோ கணிப்பொறியோ படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. டி மார்கன் விதிகள் என்று பாடப் புத்தகத்தில் இரண்டு விதிகள் வரும். கடையில் அரிசி, பருப்பு இரண்டுமே இருக்கின்றன என்பது பொய்யானால், இரண்டில் ஒன்றாவது இல்லை என்று பொருள். அரிசியோ பருப்போ ஏதாவது ஒன்று இருக்கிறது என்பது பொய்யானால், இரண்டுமே இல்லை என்று பொருள். இவ்வளவுதான்! கேட்பதற்கு எளிது. ஆனால் இன்று நம் கையிலிருக்கும் கருவிகளுக்குள் ஓடும் கணக்குச் சுற்றுகளை அமைப்பவர்கள் இந்த இரண்டு விதிகளை விட்டு ஓரடியும் நகர முடியாது.

விதிகளை அறிந்த மாணவர்களில் பலர் அந்த மனிதரை அறியார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் மதுரை!

மதுரைத் தொட்டிலும் இங்கிலாந்துப் பள்ளியும்

1806ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் மதுரையில் பிறந்தார் டி மார்கன். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிள்ளை பிறந்த பதின்மூன்றாம் நாள், ஜூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கொதித்தெழுந்தனர். கம்பெனிக்காரர்களின் குடும்பங்கள் கலங்கியிருந்த காலம் அது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே டி மார்கன் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது. ஆகவே மதுரை அவருக்குத் தந்தது பிறப்பும் ஒற்றைக் கண்ணும்தான். அவர் எங்கள் ஊர்க்காரர் என்று மார்தட்டிக்கொள்ள நாம் இதை எழுதவில்லை. பெருமை பிறந்த மண்ணில் இல்லை. நடந்த நடத்தையில் இருக்கிறது.

பத்து வயதில் தந்தையை இழந்தார். தாய் நாடு திரும்பும் வழியில், கப்பலில், அத்தந்தை மறைந்தார். ஒற்றைக் கண் பிள்ளையைப் பள்ளித் தோழர்கள் கேலி செய்தனர். ஓடியாடும் விளையாட்டுகளில் கலக்க முடியாத பிள்ளை, புத்தகங்களோடு விளையாடியது.

தாய்வழியில் ஒரு செய்தி சுவையானது. தாயின் பாட்டனார் ஜேம்ஸ் டாட்சன் கணக்காசிரியர். எதிர்மடக்கை அட்டவணையை 1742ஆம் ஆண்டிலேயே வெளியிட்டவர். ஆயினும் உறவினர் அந்த முன்னோரின் பெயரை எடுக்கவே கூசினராம். படை அதிகாரிகள் உள்ள குடும்பத்தில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரா என்ற கூச்சம்! எந்தப் பெயரைச் சொல்ல அந்த உறவினர் நாணினரோ, அந்தத் தொழிலாலேயே குடும்பத்தின் பெயர் பின்னாளில் நிலைத்தது.

பதினான்கு வயதுவரை கணிதம் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் அளவுகோலும் கவராயமும் கொண்டு யூக்ளிடின் படமொன்றை மிக அழகாக வரைந்துகொண்டிருந்தார். குடும்ப நண்பர் ஒருவர் அதைப் பார்த்தார். படம் வரைவதுதான் வடிவகணிதம் என்று பையன் நம்பிக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது. படம் வெறும் துணை. மெய்ப்பிப்பதே கணிதம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அன்று திறந்தது பையனின் அறிவுக் கண். ஏன் என்று கேட்டு, ஆகவே என்று முடிக்கும் அந்த முறை, கணக்கில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் அவரைப் பற்றிக்கொண்டது.

வயதைக் கேட்டால் புதிர் போடும் குறும்பும் அவருக்கு உண்டு. ஓர் ஆண்டின் எண், அந்த ஆண்டில் அவருடைய வயதின் வர்க்கமாக வந்ததாம். எந்த ஆண்டு? எந்த வயது? வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுக்கலாம். 43ஐ 43ஆல் பெருக்கினால் 1849. அவர் பிறந்தது 1806. சரிதானே!

ஒரு கையெழுத்து

1823ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அடுத்த படி எம்.ஏ. பட்டம், அதற்கும் அடுத்தது கல்லூரியின் ஃபெலோ பதவி. உணவு, உறைவிடம், ஊதியம், மதிப்பு, எல்லாம் அதில் உண்டு. வாழ்நாள் முழுதும் கவலை இல்லை.

ஆனால் இடையில் ஒரு தாள் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்கிறேன் என்று அதில் கையெழுத்திட வேண்டும். கணக்கில் கெட்டிக்காரனா என்று கேட்ட பல்கலைக் கழகம், அது முடிந்த பிறகு, எந்தச் சபையை நம்புகிறாய் என்றும் கேட்டது! யூதர், கத்தோலிக்கர், திருச்சபைக்குப் புறம்பான கிறித்தவர், எதையும் நம்பாதவர் ஆகியோருக்கு அங்கே கதவு பாதிதான் திறந்திருந்தது. 1837ஆம் ஆண்டில் கணிதத்தில் இரண்டாம் இடம் பெற்ற சில்வெஸ்டர், யூதர் என்ற காரணத்தால் பட்டமே பெற முடியாமல் திரும்பியதும் அங்கேதான்.

டி மார்கன் கடவுளை மறுத்தவர் அல்லர். வீட்டில் ஆழ்ந்த பக்தியோடு வளர்க்கப்பட்டவர். ஆனால் நம்பிக்கை என்பது உள்ளத்தின் உடைமை. பதவிக்கு விலையாக அதை எழுதிக் கொடுக்க முடியாது என்று கருதினார். பலர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டுக் காரியம் முடித்துக்கொண்டனர். ஒற்றைக் கண் படைத்த இவரோ அந்தக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கையெழுத்திட மறுத்தார். கேம்பிரிட்ஜை விட்டு வெளியேறி, விருப்பமில்லாமல் சட்டம் படிக்கத் தொடங்கினார்.

அந்த வேளையில்தான் இலண்டனில் ஒரு புதிய கதவு திறந்தது. 1826ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1828ஆம் ஆண்டில் பாடம் தொடங்கிய இலண்டன் பல்கலைக் கழகம், மாணவனிடமும் ஆசிரியரிடமும் மதம் கேட்பதில்லை என்று அறிவித்தது. பழமைவாதிகள் அதைக் கடவுள் இல்லாக் கல்லூரி என்று ஏசினர். ஏசட்டும்! டி மார்கன் விண்ணப்பித்தார். இருபத்திரண்டு வயது நிரம்புமுன்பே, ஒரு கணித நூல்கூட எழுதுமுன்பே, அதன் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார்.

வந்த வேகத்திலேயே சோதனையும் வந்தது. உடற்கூற்றுப் பேராசிரியர் ஒருவரை நிருவாகக் குழு 1831ஆம் ஆண்டில் வேலையிலிருந்து நீக்கியது. குற்றம் இன்னது என்று சொல்லாமலே நீக்கியது. அந்தப் பேராசிரியர் டி மார்கனுக்கு உறவா? இல்லை. கணக்குத் துறையா? இல்லை. ஆனால் காரணம் காட்டாமல் ஓர் ஆசிரியரை வெளியேற்ற முடியும் என்றால், எந்த ஆசிரியரும் அச்சமின்றிப் பாடம் சொல்ல முடியாது என்பது டி மார்கன் கண்ட முடிபு. அன்றே பதவி துறந்தார்.

ஐந்தாண்டுகள் தனியே பாடம் சொல்லியும் எழுதியும் வாழ்ந்தார். அவருக்குப்பின் அப்பதவியில் அமர்ந்தவர் 1836ஆம் ஆண்டில் கடலில் மூழ்கி இறந்தார். ஆண்டின் நடுவே மாணவர்கள் ஆசிரியரின்றித் தவித்தனர். அவர்களுக்காகத் தற்காலிகமாக வர ஒப்பினார் டி மார்கன். ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பளிக்கும்படி விதிகளும் திருத்தப்பட்டிருந்தன. வந்தவர் அடுத்த முப்பது ஆண்டுகள் அங்கேயே நின்றார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் யூனிவர்சிட்டி கல்லூரி என்று பெயர் மாறியது.

வகுப்பின் சட்டம்

இனி அந்த வகுப்புக்குள் நுழைவோம்.

காலையில் ஒரு மணி நேரம், பிற்பகலில் ஒரு மணி நேரம் பாடம். கீழ்வகுப்பு முதல் மேல்வகுப்பு வரை அவரே நடத்துவார். கீழ்வகுப்பில் சில ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். பலருக்கு வயது பதினைந்து, பதினாறுதான். பள்ளியில் வாய்பாட்டையும் விதிகளையும் உருப்போட்டுவிட்டு, காரணம் எதுவும் தெரியாமல் வந்தவர்கள். நமக்குப் பழக்கமான கூட்டம்தானே!

அவர்களிடம் அவர் எதிர்பார்த்தது என்ன? முன்னமே நிறையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதல்ல. தெரியாததைத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான். அதனால் கூட்டல் கழித்தலையே மறுபடி எடுத்து, அதன் காரணத்தைக் கேட்டுத் தொடங்கினார். 1830ஆம் ஆண்டில் அவர் எழுதிய எண்கணித நூல் இப்படித்தான் அமைந்தது: ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அது ஏன் சரி என்ற விளக்கம்.

ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் சில கணக்குகள் தருவார். மாணவர்கள் அவற்றைச் செய்து கொண்டுவர வேண்டும். அடுத்த பாடத்துக்கு முன்பே அத்தனை தாளையும் தாமே திருத்தித் திருப்பித் தருவார். திருத்துவதிலும் ஒரு முறை உண்டு. சரியாக இருந்தால் ஒரு குறி. கைத்தவறுதலாகக் கூட்டலிலோ பெருக்கலிலோ பிழை வந்திருந்தால், அதை அடித்துச் சரியான எண்ணை எழுதுவார், அவ்வளவுதான். ஆனால் அடிப்படையே புரியாமல் பிழை செய்திருந்தால், அடிக்கமாட்டார், மதிப்பெண் வெட்டமாட்டார். தம்மிடம் வந்து காட்டும்படி தாளில் எழுதிவிடுவார். அந்த மாணவன் பாடம் முடிந்ததும் மேடைக்குப் போவான். பேராசிரியர் அவனோடு தனியே நின்று, எங்கே சிக்கல் என்று கண்டு, அதை அவிழ்த்துவிட்டு அனுப்புவார்.

எண்ணிப் பாருங்கள். நூறு தாள், நாள்தோறும். கைப்பிழைக்கும் கருத்துப்பிழைக்கும் வேற்றுமை கண்டு, கருத்துப் பிழைத்தவனைத் தண்டிக்காமல் பக்கத்தில் அழைத்து நிறுத்தும் ஆசிரியர். இதற்காக அவர் பெற்ற ஊதியம்? மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு ஐந்நூறு பவுனை அது ஒருபோதும் எட்டியதில்லை.

மாணவனை மருட்டும் இடங்களை மறைத்துவிட்டு மேலே போகும் வழக்கமும் அவரிடம் இல்லை. குறை எண்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுமில்லாததற்கும் கீழே ஓர் எண் எப்படி இருக்க முடியும் என்று திகைக்காத மாணவன் உண்டா? டி மார்கனின் மாமனார் வில்லியம் ஃபிரெண்டே குறை எண் என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டு நூல் எழுதியவர்! 1831ஆம் ஆண்டில் வெளிவந்த, கணிதம் பயில்வோரின் இடர்ப்பாடுகள் பற்றிய நூலில் டி மார்கன் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. எத்தனை ஆண்டுக்குப் பின் தந்தையின் வயது மகனுடையதைப் போல் இரு மடங்காகும்? கணக்கைச் செய்தால் விடை குறை 2 என்று வருகிறது. கணக்குத் தப்பா? இல்லை. கேள்விதான் திசை மாறியிருக்கிறது. இனி வரப்போகும் ஆண்டைக் கேட்டோம். அது இரண்டாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. அப்போது தந்தைக்கு 54, மகனுக்கு 27. குறை எண் நமக்கு எதிரி அல்ல. கேள்வியைத் திருத்திக்கொள் என்று சொல்லும் தோழன். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு கசக்கும்?

தேர்வுக்காகப் படிக்காதே

அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. தேர்வுக்கென்று உருப்போடுவது.

ஆண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு வாரத்தில் நாள்தோறும் கொடுத்த கணக்குகள் திரும்பி வருவது குறைந்தது. காரணம் அவருக்குத் தெரியாதா? வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: நீங்கள் உருப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அந்த உருவெல்லாம் ஒன்றுக்கும் உதவாதபடி நான் வினாத்தாள் எழுதப்போகிறேன் என்று. அவரிடம் பயின்ற ஒருவர் பல ஆண்டுக்குப் பின்னும் அதை மறக்காமல் பதிந்துவைத்தார்.

கொடுமை என்று தோன்றுகிறதா? சற்று நின்று பாருங்கள். ஆண்டு முழுதும் நாள்தோறும் கணக்குச் செய்தவனுக்கு அந்த வினாத்தாள் அச்சம் தராது. கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டவனுக்குத்தான் அது இடி. தேர்வு பாடத்துக்குப் பின்னால் வர வேண்டும்; பாடம் தேர்வுக்குப் பின்னால் ஓடக் கூடாது என்பது அவர் கொள்கை. வெளியே பல்கலைக் கழகம் எந்தத் தேர்வு வைத்தாலும் அதற்காகத் தம் பாடத்தை வளைக்க அவர் இசையவில்லை.

அதனால் அவர் மாணவர்கள் தேர்வில் தோற்றார்களா? மாலை வகுப்பில் அவரிடம் பயின்ற டாட்ஹண்டர் 1848ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் முதலிடம் பெற்றார். அவர் எழுதிய பாடநூல்கள் பிற்காலத்தில் இந்தியப் பள்ளிகள் வரை வந்தன. 1854ஆம் ஆண்டில் முதலிடம் பெற்ற ரௌத் அவர் மாணவர். அந்த ஆண்டு இரண்டாம் இடம் பெற்றவர் பின்னாளில் மின்காந்தக் கொள்கை தந்த மாக்ஸ்வெல்! பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ், எழுத்தாளர் பேஜ்ஹாட் ஆகியோரும் அந்த வகுப்பில் அமர்ந்தவர்கள்தாம். வேரில் நீர் ஊற்றியவருக்குக் கனி தானே கிடைத்தது.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால் என்ன செய்வார்? 1852ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஃபிரெடரிக் கத்ரி என்ற மாணவர் ஒரு கேள்வியோடு வந்தார். கேள்வி அவருடைய அண்ணன் பிரான்சிசுடையது. எந்த நாட்டுப் படமானாலும், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நான்கு நிறங்கள் போதுமா? டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. மழுப்பவில்லை; பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று விரட்டவும் இல்லை. அன்றைக்கே அயர்லாந்திலிருந்த பெருங்கணிதர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதி, என் மாணவன் கேட்கிறான் என்று தெரிவித்தார். அந்தக் கேள்விக்கு 1976ஆம் ஆண்டில்தான், கணிப்பொறியின் துணையோடு, ஆப்பெல், ஹேக்கன் என்ற இருவர் விடை கண்டனர். ஒரு மாணவனின் கேள்வியை மதித்ததனால் நூற்றிருபது ஆண்டுக்கு மேல் உலகத்துக்கு வேலை கிடைத்தது.

வகுப்புக்கு வெளியே

கணிதத் தொகுத்தறிதல் என்று இன்று பள்ளியில் படிக்கிறோமே, அந்த முறைக்கு அப்பெயர் நிலைக்கும்படி 1838ஆம் ஆண்டில் விளக்கம் எழுதியவர் அவர்தான். எழுதிய இடம் அறிஞர் மட்டும் படிக்கும் ஏடு அன்று. உழைப்பாளியும் வாங்கும் விலையில் வந்த காசு கலைக்களஞ்சியம். அதற்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதிக் குவித்தார்.

இந்தியாவையும் அவர் மறக்கவில்லை. தில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமச்சந்திரர், உருது மொழி வழியே அறிவியலைப் பரப்பியவர். நுண்கணிதத்தின் துணையின்றி, இயற்கணிதம் கொண்டே பெரும மதிப்பும் சிறும மதிப்பும் காணும் முறையொன்றை அவர் 1850ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கல்கத்தாவில் ஏளனத்துக்கு ஆளான அந்நூல் டி மார்கன் கைக்கு வந்தது. படித்தார், பாராட்டினார், தாமே முன்னுரை எழுதி 1859ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவரச் செய்தார். இந்திய மாணவனுக்குக் கணிதம் சொல்லித் தர, இந்திய மண்ணில் வளர்ந்த இயற்கணிதத்திலிருந்தே தொடங்கலாம் என்பது அவர் கருத்து. கலகம் நடந்து முடிந்த மறு ஆண்டுகளில், இந்தியர் என்றாலே இலண்டன் ஏடுகள் சீறிக்கொண்டிருந்த காலத்தில், இதை அவர் செய்தார்.

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. பெண் கல்விக்கென 1849ஆம் ஆண்டில் தொடங்கிய பெட்ஃபோர்டு கல்லூரியில் ஊதியம் வாங்காமல் பாடம் சொன்னவர். கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸுக்குக் கடிதம் வழியே உயர்கணிதம் கற்பித்தவர். அவருடைய ஆற்றலைக் கண்டு வியந்தவரும் அவரே. இருந்தும், கடுமையான கணித உழைப்பைப் பெண்ணின் உடல் தாங்காது என்று ஏடாவின் தாய்க்கு எழுதினார். காரணம் கேட்டே எதையும் ஏற்றவர், காலம் தந்த இந்த எண்ணத்தை மட்டும் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். பெரியவர்களிடமும் இதைச் சுட்டத்தான் வேண்டும். அவர் கற்பித்த முறையே அதுதானே!

கடைசிப் பாடம்

1866ஆம் ஆண்டு. வயது அறுபது. கல்லூரியில் மனவியலும் அளவையியலும் கற்பிக்கும் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ விண்ணப்பித்தார். தகுதியில் குறைவில்லை. ஆனால் அவர் யூனிடேரியன் என்னும் சமயப் பிரிவின் போதகர். நிருவாகக் குழுவில் இருந்த வரலாற்றறிஞர் குரோட் எதிர்த்தார். சமயச் சார்பற்ற கல்லூரியில் ஒரு சமயப் போதகர் மனவியல் கற்பிப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். அந்த வாதத்திலும் நேர்மை இருந்தது. மதத்தின் நிழல் படாமல் கல்லூரியைக் காக்கவே அவர் எண்ணினார். மார்ட்டினோவுக்குப் பதவி கிடைக்கவில்லை.

டி மார்கன் வேறு விதமாகக் கண்டார். இந்த மதத்தவனாக இருந்தால்தான் பதவி என்பது ஒரு சோதனை. இந்த மதத்தவனாக இருந்தால் பதவி இல்லை என்பதும் ஒரு சோதனையே. மதம் கேட்பதில்லை என்று சொன்ன கல்லூரி, ஒருவரிடம் கேட்டுவிட்டது. ஒரே ஒருவரிடம்தானே என்று பிறர் சமாதானம் சொல்லலாம். கணக்கு தெரிந்தவர் அப்படிச் சொல்ல முடியுமா? ஆயிரம் இடத்தில் சரியாக வந்து, ஓரிடத்தில் பொய்த்தால், அது தேற்றம் அன்று. ஒரு விலக்கு போதும்; விதி இறந்துவிடும்.

எந்தக் கல்லூரிக்காகக் கேம்பிரிட்ஜை உதறினாரோ, அந்தக் கல்லூரியையும் உதறினார். அவருடைய உருவச்சிலையோ படமோ வைக்க நண்பர்கள் விரும்பியபோது, தாம் நம்பிய கல்லூரி இப்போது இல்லை என்ற கருத்தில் அதற்கும் இணங்கவில்லை. பட்டம், பரிசு எதையும் தேடி அலையாதவர். எடின்பரோ பல்கலைக் கழகம் தர முன்வந்த மதிப்புறு பட்டத்தையும் முன்பே மறுத்தவர்.

பின்னர் துயரங்கள் தொடர்ந்தன. மகன் ஜார்ஜும் நண்பர் ஒருவரும் முன்னின்று 1865ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தைத் தொடங்கியிருந்தனர். தந்தையே அதன் முதல் தலைவர். அந்த மகன் 1867ஆம் ஆண்டில் இறந்தான். 1870ஆம் ஆண்டில் மகள் ஒருத்தி இறந்தாள். 1871ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் டி மார்கனும் கண் மூடினார்.

சரியாகத் தொண்ணூறு நாள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், பல்கலைக் கழகச் சமயச் சோதனைகளை ஒழிக்கும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. நாற்பத்து நான்கு ஆண்டுக்கு முன் ஓர் இளைஞன் கையெழுத்திட மறுத்த தாளைச் சட்டமே கிழித்தெறிந்தது! அதைக் காண அவர் இல்லை.

இன்று நம் கல்லூரிகளில் முதலாண்டுக் கணக்கு வகுப்பு நடக்கிறது. முக்கியமான வினா எது என்று மாணவன் கேட்கிறான். கைடு எது என்று கடைக்காரர் காட்டுகிறார். எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்று நிருவாகம் கேட்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் டி மார்கன் வகுப்பில் இடமில்லை. அங்கே இருந்த கேள்வி ஒன்றே: உனக்கு எங்கே புரியவில்லை?

மாணவனிடம் நாள்தோறும் உழைப்பைக் கேளுங்கள், அது நியாயம். காரணத்தைக் கேளுங்கள், அது கடமை. ஆனால் அவன் சாதி என்ன, மதம் என்ன, தந்தை யார், எந்தப் பள்ளியிலிருந்து வந்தான் என்று வகுப்பு கேட்கக் கூடாது. கொடுத்த கணக்கைத் திருத்தித் தராத கல்லூரிக்கு, தேர்வில் அவனைத் தவறியவன் என்று அறிவிக்கும் உரிமை பாதிதான் உண்டு. நாளை வேலை இருக்குமோ இருக்காதோ என்று அஞ்சிக்கொண்டே கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியரிடம் நூறு தாளைத் திருத்து என்று சொல்லும் தகுதி எந்த நிருவாகத்துக்கும் இல்லை. மாணவனுக்குச் சட்டம் போடுமுன், கல்லூரி தனக்கென ஒரு சட்டம் போட்டுக்கொள்ளட்டும்; போட்ட சட்டத்துக்கு ஒரு விலக்கும் வைக்காதிருக்கட்டும்.

அரியர் சுமக்கும் பிள்ளைகளே, நீங்களும் ஒன்று செய்யலாம். புரியாத கணக்கை மறைக்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் மேடைக்குப் போங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் மறுநாளும் போங்கள். மதுரையில் பிறந்த அந்த ஒற்றைக் கண்ணர் கட்டிக் காத்த வகுப்பு, பாடம் முடிந்த பிறகு மேடையருகே நடந்த அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்தது.